நீர்த்தாவரத் தொட்டிக்கு விளக்குத் தெரிவு செய்யும் முறை: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ உள்ள அலங்கார மீன் கடையொன்றுக்குச் சென்று, தொட்டிக்குள் செடி வளர்ப்பதற்கு விளக்கு வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் தொட்டியின் நீளத்தைக் கேட்டறிந்து அதற்குப் பொருந்தும் விளக்கை எடுத்துக் காட்டுவார்கள். நீளம் பொருந்த வேண்டியது அவசியந்தான். ஆயினும் ஒரே நீளமுள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று செடியை உயிரோடு வைத்திருக்கவே போதாததாகவும், மற்றையது சில வாரங்களுக்குள் கண்ணாடி, கல், இலை எல்லாவற்றையும் பாசியால் மூடிவிடக் கூடியதாகவும் இருக்கலாம். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னரே இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். எந்தச் செடிகளை வளர்க்கப் போகிறோம் என்பது ஒன்று. ஒளியைத் தவிர அவற்றுக்கு வேறு எவற்றைத் தவறாமல் கொடுக்க நம்மால் இயலும் என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஒளி கூடக்கூட ஒளித்தொகுப்பின் வேகம் கூடுகிறது. அந்த வேகம் கூடும்போது காபனீரொட்சைட்டு, நைத்திரேற்று, பொசுபேற்று, பொற்றாசியம், இரும்பு ஆகிய அனைத்தின் தேவையும் சேர்ந்தே கூடுகிறது. இவற்றுள் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டே. வளியோடு சமநிலையில் இருக்கும் நீரில் அது மிகச் சிறிதளவே கரைந்திருக்கும். நீர் வெப்பமாக இருந்தால் அந்த அளவு இன்னும் குறையும்: 20 பாகை செல்சியசில் கரையும் அளவோடு ஒப்பிட்டால் 30 பாகையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைவாகவே கரைகிறது. நமது மாவட்டங்களில் ஆண்டின் பெரும்பகுதியில் தொட்டி நீர் 28 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இந்த நிலையில் வலிமையான விளக்கைப் பொருத்தினால், செடி தன்னால் பயன்படுத்த முடியாத ஒளியின் கீழ் தேங்கி நிற்கும். மிகக் குறைந்த வளங்களிலும் வாழத் தெரிந்த பாசி அந்த ஒளியை எடுத்துக்கொள்ளும். நீருக்குக் காபனீரொட்சைட்டு ஊட்டும் வாயு உருளை வைத்திராத ஒருவர் நமது வெப்பத்தில் வாங்க வேண்டிய விளக்கு, கடையில் மிகப் பிரகாசமாகத் தெரிவதைவிட ஒருபடி குறைந்ததாகவே இருக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

முதலில் செடி

குறைந்த ஒளியில் நன்றாக வாழும் செடிகளுக்கு நாம் வெகுதூரம் தேடிப் போகத் தேவையில்லை. உலகெங்கும் உள்ள தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டோகொரைன் வென்ட்டியி, கிரிப்டோகொரைன் பெக்கெட்டியி, கிரிப்டோகொரைன் வோக்கரி ஆகியவை இலங்கைக்கே உரியவை. மரநிழல் படிந்த ஓடைகளின் கரையிலும் அடியிலும் வளர்ந்து பழகிய இனங்கள் என்பதால், பாதி இருண்ட தொட்டியிலும் அவை மெதுவாக, ஆனால் உறுதியாக வேர்விடும். அவற்றைக் காட்டு ஓடைகளிலிருந்து பிடுங்காமல், பண்ணைகளில் வளர்க்கப்பட்டவற்றையே கேட்டு வாங்க வேண்டும். இதே பேரினத்தில் மிகச் சிறியதான கிரிப்டோகொரைன் பார்வா மட்டும் சற்று வேறுபட்டது. அதுவும் இலங்கைக்கே உரியதுதான். எனினும் உறவினங்களைவிடக் கூடுதல் ஒளி கிடைத்தால்தான் அது பரவும். கல்லிலும் கட்டையிலும் கட்டி வளர்க்கும் அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன், ஜாவா மொஸ் ஆகியவையும் குறைந்த ஒளிக்கு உரியவையே. அனுபியாசின் இலை மிக மெதுவாக வளர்வதால் ஒரே இலை பல மாதங்கள் விளக்கின் கீழ் நிற்கிறது. ஒளி அதிகமானால் முதலில் பச்சைப் புள்ளிப் பாசி படிவதும் அந்த இலையில்தான்.

ஹைட்ரில்லா, வலிஸ்னேரியா, கொட்டி போன்றவை திறந்த வெயிலில் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வளரும் குலத்தைச் சேர்ந்தவை. அவை நடுத்தர ஒளியை விரும்புகின்றன. நீர்மட்டத்தை எட்டிவிட்டால் பின்னர் தாமாகவே தமக்கு வேண்டிய ஒளியைத் தேடிக்கொள்ளும். அமேசன் சுவோர்ட், ஹைகுரோபிலா போன்றவற்றையும் இந்த நடுத்தர வகையில் சேர்க்கலாம்.

மூன்றாவது வகையைப் பற்றி எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். செந்நிற லட்விஜியா, சிவக்கும் ரொட்டாலா, தரையில் பாய்போலப் படரும் மொன்டே கார்லோ முதலியவற்றின் படங்களைப் பார்த்து மனம் பறிகொடுத்துத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறார்கள். அந்தப் படங்களில் உள்ள தொட்டிகளுக்குப் பெரும்பாலும் லீற்றருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை காபனீரொட்சைட்டு ஊட்டப்படுகிறது; உரமும் ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறது. அவ்வளவும் செய்ய ஆயத்தமாக இருப்பவர் மட்டுமே வலிமையான விளக்கை வாங்க வேண்டும். சீனியும் ஈஸ்ட்டும் கலந்த போத்தலில் இருந்து வாயு எடுக்கும் முறை சிறிய தொட்டிக்கு உதவும். ஆனால் அதன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், அதை நம்பி மிகக் கடுமையான ஒளியைக் கொடுப்பது நல்லதல்ல. காபனீரொட்சைட்டு ஏறி இறங்கும் தொட்டிகளில் கறுப்புத் தாடிப் பாசி வேரூன்றிக்கொள்வது வழக்கம்.

ஒரே தொட்டியில் மூன்று வகைகளையும் கலந்து நட விரும்புவோர், பெரும்பான்மைச் செடிகளுக்கு ஏற்ற ஒளியையே தெரிவு செய்ய வேண்டும். குறைந்த ஒளிச் செடிகளை உயரமான செடிகளின் நிழலிலோ கட்டையின் கீழோ நட்டுக்கொள்ளலாம். ஒரு சிவப்புச் செடிக்காக முழுத் தொட்டிக்கும் ஒளியைக் கூட்டுவது பொருந்தாது.

எவ்வளவு ஒளி

வாற்று என்பது விளக்கு உட்கொள்ளும் மின்வலுவின் அளவு. அது வெளிவிடும் ஒளியின் அளவன்று. ஒரு கலன் நீருக்கு இத்தனை வாற்று என்று முன்னர் சொல்லப்பட்ட கணக்கு, பழைய ஒளிர்குழல் விளக்குகளின் காலத்தில் உருவானது. அதே வாற்றில் எல்.ஈ.டி. விளக்கு கூடுதலான ஒளியைத் தரக்கூடும் என்பதால் அந்தக் கணக்கை இன்று கைவிட்டுவிட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண் அதைவிட நல்ல வழிகாட்டி. எனினும் அது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை அளப்பது. நமது கண் மிகக் கூடுதலாக உணர்வது 555 நனோமீற்றர் அளவிலுள்ள பச்சை ஒளியை. செடிக்குப் பயன்படுவதோ 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒளி முழுவதும். அந்த வீச்சுக்குள், ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனுக்கு வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வதே பார் (PAR) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அளவு. தொட்டியின் அடித்தரையில் அது 15 முதல் 30 வரை இருந்தால் குறைந்த ஒளி என்றும், 30 முதல் 50 வரை இருந்தால் நடுத்தர ஒளி என்றும், அதற்கு மேல் வலிமையான ஒளி என்றும் கொள்ளலாம். தரமான தொட்டி விளக்குகளின் பெட்டியில், இத்தனை அங்குல ஆழத்தில் இவ்வளவு பார் என்று ஓர் அட்டவணை இருக்கும். இருந்தால் அதையே நம்பி வாங்கலாம்.

அட்டவணை இல்லாத விளக்குகளே நமது கடைகளில் அதிகம். அவற்றுக்கு லூமனை லீற்றரால் பிரித்துப் பார்க்கும் எளிய கணக்குப் போதும். லீற்றருக்கு 15 முதல் 20 லூமன் வரை குறைந்த ஒளி. 20 முதல் 40 வரை நடுத்தரம். 40ஐத் தாண்டினால் வலிமையானது. இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கன அடி 28.3 லீற்றர் என்பதால் அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 57 லீற்றர். மண், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 48 லீற்றர் அளவில் நீர் இருக்கும். கிரிப்டோகொரைனும் அனுபியாசும் மட்டும் வளர்க்க 720 முதல் 960 லூமன் போதும். 9 வாற்று வீட்டு எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று 800 முதல் 900 லூமன் வரை தருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வகைத் தொட்டிக்குப் பெரும் செலவு தேவையில்லை என்பது விளங்கும். நடுத்தரச் செடிகள் வேண்டுமானால் 1,000 முதல் 1,900 லூமன் வரை தேடலாம்.

இந்தக் கணக்கு 15 அங்குலம் வரை உயரமுள்ள தொட்டிக்குப் பொருந்தும். உயரம் 18, 24 அங்குலம் என்று கூடும்போது அடித்தரைக்கு வந்து சேரும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். லீற்றர்க் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போக நேரும். புதிதாகத் தொட்டி கட்டுவிக்க இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். ஒன்றரை அடி அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள தொட்டிக்கு ஒளியூட்டுவது, ஓர் அடி அகலமும் இரண்டு அடி உயரமும் உள்ளதைவிட மிக எளிது. செடிகளை அடுக்கி நடுவதற்கும் அதில் இடம் அதிகம். கட்டையிலிருந்தும் காய்ந்த வாதுமை இலையிலிருந்தும் இறங்கும் பழுப்பு நிறம் நீல ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும். அத்தகைய நீரை விரும்புவோர் மேல் எல்லையை ஒட்டிய அளவையே தெரிவு செய்ய வேண்டும்.

பார் அளக்கும் கருவி விலை உயர்ந்தது. ஒரு தொட்டிக்காக அதை வாங்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) அளக்கும் செயலி ஒன்றை நிறுவி, நீர் நிரப்புவதற்கு முன் வெறும் தொட்டியின் அடியில் தொலைபேசியை மல்லாத்தி வைத்து, விளக்கை ஏற்றிப் பார்த்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். வெள்ளை எல்.ஈ.டி. விளக்கானால் அந்த எண்ணை 70ஆல் பிரித்தால் ஏறக்குறைய பார் அளவு வரும். அதன்படி 2,000 லக்ஸ் என்பது குறைந்த ஒளியின் மேல் எல்லை. 3,500 லக்ஸ் என்பது நடுத்தர ஒளியின் மேல் எல்லை. நீர் நிரம்பிய பின் இந்த எண் சற்று மாறும். தொலைபேசிக்குத் தொலைபேசி உணரியும் வேறுபடும். ஆகையால் தனியொரு எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தொட்டியின் நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைப் பயன்படுத்துங்கள். நடுவில் 3,000 லக்சும் மூலையில் 600 லக்சும் காட்டினால், அந்த விளக்கு தொட்டிக்குக் குட்டையானது என்று அறியலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி டையோட்டுகள் (ஒளிவிடும் சிறு துண்டுகள்) கலந்த விளக்குக்கு 70ஆல் பிரிக்கும் கணக்குப் பொருந்தாது.

மேலும் ஒரு சோதனை கடையிலேயே செய்யக்கூடியது. பெட்டியில் 30 வாற்று என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் அடப்டரின் மேல் 12 வோல்ற்று, 1 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 12 வாற்று. அந்த விளக்கு அதற்கு மேல் எடுக்கவே முடியாது. பெட்டியை ஒதுக்கிவிட்டு அடப்டரை வாசிக்கும் இந்தப் பழக்கம் உங்கள் பணத்தைக் காக்கும்.

நிறம்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிப்பார்கள். 2,700 முதல் 3,000 வரை மஞ்சள் சாயல். 6,500 பகலொளி போன்ற வெண்மை. 10,000 நீலச் சாயல். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் கூடுதலாக உறிஞ்சினாலும், பச்சை ஒளியும் இலையின் உட்பகுதி வரை ஊடுருவிப் பயன்படவே செய்கிறது. எனவே எந்த வெள்ளை ஒளியிலும் செடி வளரும். 6,500 கெல்வின் சிறந்தது என்று சொல்வதற்குக் காரணம், அதில் செடியின் பசுமையும் மீனின் நிறமும் நமது கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவதும், நாட்டின் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் அது டேலைட் என்ற பெயரில் கிடைப்பதுமே ஆகும். நீலச் சாயல் பாசியை வளர்க்கும், மஞ்சள் சாயல் வளர்க்காது என்று பேசிக்கொள்வார்கள். பாசியைத் தீர்மானிப்பது ஒளியின் மொத்த அளவும், அது எரியும் நேரமும், செடிக்குக் கிடைக்கும் வளங்களுமே.

செந்நிற இலைகளை நன்றாகக் காண விரும்புவோர் ஒளி நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது 80க்கு மேல் இருப்பது நல்லது, 90 மிக நல்லது. வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீல டையோட்டுகளும் சேர்ந்த விளக்குகள் இந்த வகையில் அழகானவை, விலையும் கூடியவை. ஊதா நிறத்தில் ஒளிரும் பயிர் விளக்கு செடியை வளர்க்கும். ஆனால் அதன் கீழ் மீனும் செடியும் தம் நிறத்தை இழந்து காணப்படும். வரவேற்பறையில் வைக்கும் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் எரியவிடும் நீல விளக்கும் தேவையற்றது. மீன்களுக்கு முழு இருள் வேண்டும்.

எந்த வகை விளக்கு

தொட்டியின் விளிம்பில் இரண்டு கால்களை ஊன்றி நிற்கும் எல்.ஈ.டி. பட்டை விளக்கே மிக வசதியானது. நீளம் முழுவதும் ஒளி பரவுகிறது. தூக்கி வைத்துவிட்டுத் தொட்டிக்குள் கை விடலாம். ஒளியைக் குறைக்கும் வசதி உள்ளதாக வாங்கினால், தேவைக்குச் சற்றுக் கூடிய விளக்காக இருந்தாலும் பாதகமில்லை. பின்னாளில் காபனீரொட்சைட்டு சேர்க்க நினைத்தால் அதே விளக்கு போதும். அந்த வசதி இல்லாத விளக்காயின், தேவையை ஒட்டிய அளவையே வாங்க வேண்டும்.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கு வீட்டு எல்.ஈ.டி. குழல் விளக்கு நல்ல வழி. இரண்டு அடிக் குழல் 900 முதல் 1,000 லூமன் வரையும், நான்கு அடிக் குழல் 1,800 முதல் 2,000 லூமன் வரையும் தருவது வழக்கம். இரண்டு அடித் தொட்டிக்கு ஒரு குழல் குறைந்த ஒளிக்கும், இரண்டு குழல்கள் நடுத்தர ஒளிக்கும் போதுமானவை. அவை நீர்த்திவலையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், தொட்டியின் மேல் கண்ணாடி மூடி இருப்பது கட்டாயம். வீட்டு முற்றத்துக்குப் பொருத்தும் ஃப்ளட் லைட் மற்றொரு வழி. 10, 20, 30 வாற்று அளவுகளில், பெரும்பாலும் ஐ.பி. 65 அல்லது 66 என்ற நீர்க்காப்புத் தரத்தோடு கிடைப்பதால், ஈரமான இடத்துக்கு அது உகந்தது. ஒரே புள்ளியிலிருந்து ஒளி வருவதால் நடுவில் கடுமையும் ஓரங்களில் மங்கலும் ஏற்படும். மூன்று அடித் தொட்டியானால் 30 வாற்று ஒன்றைத் தொங்கவிடுவதைவிட 10 வாற்று மூன்றை இடைவெளிவிட்டுத் தொங்கவிடுவதே நல்லது. நீர்மட்டத்திலிருந்து 8 முதல் 12 அங்குலம் உயர்த்தினால் பரவல் சீராகும்.

பழைய ஒளிர்குழல் விளக்கை வைத்திருப்போர் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை குழலை மாற்ற வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாமலே அதன் ஒளி தேய்ந்துவிடுகிறது. ஒட்டும் எல்.ஈ.டி. நாடாவைத் தொட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் அது மங்கிப்போகும். ஈரம் புகுந்தால் ஆபத்தும் உண்டு.

வெயில், வெப்பம், உப்புக் காற்று

வானிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒளியைப் பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. உச்சி வெயிலில் பார் அளவு 2,000 வரை செல்லும். நமது செடிகளுக்குத் தேவையானதோ 30 அல்லது 40. கிழக்கு நோக்கிய யன்னலின் அருகில் தொட்டியை வைத்தால், வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை வீடுகளில் காலை வெயில் தடையின்றி நேரே உள்ளே வந்து விழும். ஒரு மணித்தியாலம் அப்படி விழுந்தாலே, விளக்கைக் கணக்குப் பார்த்து வாங்கிய பயன் அற்றுப்போகும். நீர் பச்சையாகும், வெப்பமும் ஏறும். யன்னலுக்கு எதிரே அல்லாமல் பக்கச் சுவரோரமாக, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒளியை நாம் ஆள வேண்டுமானால், அது ஒரே இடத்திலிருந்து, நாம் அணைக்கக்கூடிய விளக்கிலிருந்து மட்டும் வர வேண்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை எல்.ஈ.டி. விளக்கு மற்றவற்றைவிட நல்லது. எனினும் அது உட்கொள்ளும் மின்சாரத்தின் கணிசமான பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் விளக்கின் முதுகுப்புறம் வழியாக மேலே போக இடம் விட வேண்டும். நான்கு பக்கமும் பலகையால் மூடிய மூடிக்குள் வைத்தால் நீரும் சூடாகும், விளக்கின் ஆயுளும் குறையும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் நீர் 30 பாகையைத் தாண்டிவிடும்போது, பகல் முழுவதும் விளக்கை எரியவிடாமல் பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்கு ஏற்றி இரவு பத்து மணிக்கு அணைக்கும் ஒழுங்கு மிகவும் பொருத்தமானது. நாளின் கடும் வெப்பத்தோடு விளக்கின் வெப்பம் சேராது. வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் வீடு திரும்பித் தொட்டியைப் பார்க்கும் நேரத்தில் அது ஒளிர்ந்துகொண்டும் இருக்கும். சிறிய மின்விசிறியொன்றை நீர்மட்டத்தை நோக்கி வைத்தால் ஆவியாதலால் நீர் குளிரும். அந்த வேளையில் மூடியைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டியிருப்பதால், நீர்க்காப்பு உள்ள விளக்காக இருப்பது முக்கியம்.

கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று கடலை ஒட்டி வாழ்வோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக் காற்று விளக்கின் திருகாணிகளையும் மின் இணைப்புகளையும் அரித்துவிடுகிறது. இரும்புக் கால்கள் கொண்ட விளக்கைத் தவிருங்கள். அலுமினிய உடலும் துருப்பிடிக்காத உருக்குக் கால்களும் உள்ளதைத் தேடுங்கள். ஐ.பி. 67 அல்லது 68 என்று குறித்திருந்தால் உள்ளே ஈரம் புகாது. கிணற்று நீரில் சுண்ணாம்பு கூடிய இடங்களில், தெறிக்கும் துளிகள் காய்ந்து கண்ணாடி மூடியில் வெண்படலமாகப் படியும். அந்தப் படலம் ஒளியில் நல்லதொரு பங்கை மறித்துவிடும் என்பதை விளக்கைக் குறைகூறுவதற்கு முன் நினைவுகொள்ள வேண்டும். வாரந்தோறும் வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, நல்ல நீரில் கழுவி வைத்தால் போதும்.

மின்சாரம்

நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் விளக்காயின், அடப்டரில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே செருக வேண்டும். 12 அல்லது 24 வோல்ற்றில் இயங்கும் விளக்கு, நேரடியாக 230 வோல்ற்றில் இயங்குவதைவிடப் பாதுகாப்பானது. ஈரக் கையோடு அடிக்கடி புழங்கும் இடம் என்பதால் இதை நான் வலியுறுத்துகிறேன். தொட்டி இணைக்கப்பட்டுள்ள மின்சுற்று, 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் வழியாக வர வேண்டும். வயர், பிளக்கை அடைவதற்கு முன் அதற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். வயரின் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. இடி மின்னல் மிகுந்த மழை மாதங்களில் மின்னல் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் எல்.ஈ.டி. விளக்குகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அவற்றின் மின்வழங்கியே.

நேரக்கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கையால் ஏற்றி அணைக்கும் விளக்கு ஒருநாள் ஐந்து மணித்தியாலமும் மறுநாள் பதினொரு மணித்தியாலமும் எரியும். அந்த ஒழுங்கின்மை செடியைவிடப் பாசிக்கே உதவும். சக்கரம் சுழலும் சாதாரண டைமர் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். இரண்டு மணித்தியால மின்வெட்டுக்குப் பின் அது இரண்டு மணித்தியாலம் பின்தங்கி ஓடும். உள்ளே மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமர் அவ்வாறு பின்தங்குவதில்லை. 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவிய காலம் நினைவிருப்போர், மீண்டும் அப்படி நேர்ந்தால் செடி செத்துவிடுமோ என்று அஞ்சக் கூடும். வேரூன்றிய செடிகள் இரண்டு மூன்று நாள் இருளைத் தாங்கிக்கொள்ளும். அத்தகைய வேளையில் கவலைப்பட வேண்டியது மீன்களின் ஒட்சிசனைப் பற்றியே. இழந்த நேரத்தை ஈடுசெய்ய மறுநாள் கூடுதலாக எரியவிடுவது தேவையற்றது.

செலவைக் கணக்கிடுவது எளிது. 15 வாற்று விளக்கு நாளுக்கு ஏழு மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 3.15 அலகு; 30 வாற்று விளக்கு பத்து மணித்தியாலம் எரிந்தால் 9 அலகு. பயன்பாடு கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாகக் கூடும் நமது கட்டண முறையில், ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

எத்தனை மணித்தியாலம்

புதிய தொட்டியில் முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் போதும். செடிகள் வேர்விட்டுப் புதிய இலை காட்டிய பின், வாரத்துக்கு அரை மணித்தியாலம் வீதம் கூட்டி ஏழு அல்லது எட்டில் நிறுத்திக்கொள்ளலாம். நமது அட்சரேகையில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலமாக இருக்கிறது என்பதற்காகத் தொட்டிக்கும் பன்னிரண்டு கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இங்கே செல்லாது. இயற்கையில் காலையும் மாலையும் சாய்ந்து வரும் மெல்லிய ஒளிக்குப் பதிலாக, தொட்டி விளக்கு எரியும் நேரம் முழுவதும் ஒரே வலிமையோடு எரிகிறது. காலையிலும் மாலையிலும் தொட்டியைப் பார்க்க விரும்புவோர் அந்த நேரத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணித்தியாலம் இடைவெளி விடலாம்.

புதிதாக நட்ட கிரிப்டோகொரைனின் இலைகள் கரைந்துபோனால் ஒளியை மாற்ற வேண்டாம். இடமாற்றத்தால் அது அவ்வாறு இலையுதிர்த்து, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. தண்டுச் செடியின் கணுக்கள் நீண்டு, கீழ் இலைகள் உதிர்ந்து, நுனி மட்டும் விளக்கை நோக்கி நீண்டால் ஒளி போதவில்லை என்று கொள்ளலாம். விளக்கைச் சற்றுத் தாழ்த்துவதோ வலிமையைக் கூட்டுவதோ சரியான மாற்றம், மணித்தியாலங்களைக் கூட்டுவது அன்று. இலைகளில் நூல்பாசி தொங்கினாலோ கண்ணாடியில் பச்சைப் படலம் இரண்டொரு நாளிலேயே திரும்பி வந்தாலோ, முதலில் நேரத்தை ஆறு மணித்தியாலமாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். குறையவில்லையென்றால் விளக்கை நான்கு அங்குலம் உயர்த்துங்கள். உயர்த்த முடியாத அமைப்பாக இருந்தால், மிதக்கும் செடிகளால் நீர்மட்டத்தின் மூன்றிலொரு பங்கை மூடிவிடலாம். அவை ஒளியையும் மறிக்கும், நீரிலுள்ள மிகை ஊட்டத்தையும் உறிஞ்சும். வாராவாரம் பெருகும் மிகுதியை அள்ளிக் காயவைத்து உரக்குழியில் போட வேண்டும். மிதக்கும் களைகளான ஆற்றுவாழையும் சல்வீனியாவும் நமது நீர்நிலைகளை ஏற்கெனவே படுத்தும் பாடு போதும். வாவியிலோ வாய்க்காலிலோ குளத்திலோ ஒரு துண்டும் போய்ச் சேரக் கூடாது.

எந்த மாற்றத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். நேரம், உயரம், உரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயனளித்தது என்று அறிய முடியாது. செடி தன் புதிய இலையில் விடை காட்டுவதற்கு இரண்டு வாரமாவது ஆகும். பழைய இலை திருந்தாது என்பதால், பார்க்க வேண்டியது எப்போதும் நுனியில் கடைசியாக வந்த இலையையே.